ஜூரிப் பெட்டியில் உட்கார்ந்தவர்கள்

எம்.கே. தியாகராஜ பாகவதர் சிறைக்குப் போன கதை தமிழ்நாட்டில் மூன்று தலைமுறைக்குத் தெரியும். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே டாக்கீஸில் கூட்டம் குறையாமல் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. நவம்பர் 8ஆம் தேதி வேப்பேரியில் 'இந்துநேசன்' பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்துபோனார். பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், பட அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு உள்ளிட்டோர் கைதானார்கள். அடுத்த ஆண்டு சென்னை ஹைகோர்ட்டின் செஷன்ஸில் நீதிபதி மாக்கெட் முன்னால் விசாரணை நடந்தது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. பிறகு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிவந்து, 1947 ஏப்ரலில் இருவரும் வெளியே வந்தார்கள்.

நீதிபதி பெயர் நினைவில் இருக்கிறது. வக்கீல்கள் யார் யார் என்று பட்டியல் போடுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் 1945இல் "குற்றவாளி" என்ற சொல்லைச் சொன்னவர் நீதிபதி மாக்கெட் அல்ல. அதைச் சொன்னவர்கள் கோர்ட்டின் ஒரு பக்கம் தனிப்பெட்டியில் உட்கார்ந்திருந்த ஜூரிகள். வக்கீலும் இல்லை, சர்க்கார் அதிகாரியும் இல்லை. சம்மன் வந்ததால் தங்கள் சொந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். அன்றைய சட்டப்படி ஹைகோர்ட் செஷன்ஸில் எந்தக் குற்ற வழக்கானாலும் ஒன்பது ஜூரிகள் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஒரு மனிதன் தூக்கு மேடைக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்பது முதலில் இவர்கள் வாயில்தான் இருந்தது.

இந்த ஒன்பது பேர் எப்படி வந்து சேர்ந்தார்கள்? 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்கு ஒரு முழு அத்தியாயமே ஒதுக்கியிருந்தது. 21 வயது முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் ஜூரியாக வரக் கடமைப்பட்டவர்கள். அதில் விலக்குப் பெற்றவர்களின் வரிசை நீளம்: நீதிபதிகள், போலீஸ்காரர்கள், பட்டாளத்தார், தொழில் நடத்தும் வக்கீல்கள், வைத்தியர்கள், தபால் தந்தி இலாகாவினர், கோயிலிலும் சர்ச்சிலும் பூசை செய்பவர்கள். இவர்களைக் கழித்தபின் மிச்சமிருந்த வியாபாரிகள், கம்பெனி குமாஸ்தாக்கள், நிலம் வைத்திருந்தவர்கள் ஆகியோரிடமிருந்து பட்டியல் தயாராகும். சம்மன் வந்தும் வராமல் இருந்தால் அபராதம். ஜில்லா செஷன்ஸில் அது 100 ரூபாய் வரை போகலாம். ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடிய தொகை அது.

கோர்ட்டுக்கு வந்தவர்களில் யார் உட்காருவது என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்தார்கள். பெயர் கூப்பிட்டதும் ஆள் எழுந்து நிற்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் அவரை ஏறஇறங்கப் பார்த்து, "இவர் வேண்டாம்" என்று சொல்லலாம். ஹைகோர்ட்டில் சர்க்கார் தரப்பு எட்டுப் பேரையும் எதிர்த்தரப்பு எட்டுப் பேரையும் காரணமே சொல்லாமல் தள்ளிவிட உரிமை இருந்தது. சத்தியப் பிரமாணம் எடுத்துத் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்த பிறகு வழக்கு முடியும்வரை அவர்கள் அந்தப் பெட்டிக்குச் சொந்தம். விசாரணை மறுநாளைக்குத் தள்ளிப்போனால் மறுநாளும் வர வேண்டும். கொலை நடந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கோர்ட் நினைத்தால் ஒரு சிப்பந்தியின் காவலில் கூட்டிப்போவார்கள். வழியில் எவரும் அவர்களிடம் பேசக் கூடாது. வழக்கைப் பற்றி ஒரு ஜூரிக்கே நேரில் ஏதாவது தெரிந்திருந்தால் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு முடிவு செய்யவும் கூடாது. நீதிபதியிடம் சொல்லி, பெட்டியிலிருந்து எழுந்து வந்து, சாட்சியாகப் பிரமாணம் செய்து, குறுக்கு விசாரணைக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கடைசியில் நீதிபதி சாட்சியங்களைத் தொகுத்துச் சட்டத்தை விளக்குவார். சட்டம் என்ன என்பதில் அவர் சொல்வதே முடிவு. நடந்தது என்ன என்பதில் ஜூரி சொல்வதே முடிவு. அதன்பின் தனி அறை. ஒன்பது பேரும் ஒரே குரலில் சொன்னால் நீதிபதி அதன்படியே தீர்ப்பளிக்க வேண்டும். ஆறு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம் என்றால் ஆறு பேரோடு நீதிபதியும் ஒத்துப்போனால் அது செல்லும். இல்லையென்றால் ஜூரியைக் கலைத்துவிட்டு வேறு ஜூரியோடு மறுபடி விசாரணை நடத்தலாம். காரணம் எழுத வேண்டிய அவசியம் ஜூரிக்கு இல்லை. எந்தச் சாட்சியை நம்பினோம், எவனைப் பொய்யன் என்று ஒதுக்கினோம், அறைக்குள் யார் யாரோடு மல்லுக்கட்டினார்கள் என்பதெல்லாம் எந்த ஏட்டிலும் ஏறாது. ஏறியது தலைவர் வாயிலிருந்து வந்த ஒன்றிரண்டு சொற்கள் மட்டும்.

இந்த வழக்கம் இந்தியாவில் முதன்முதலில் காலடி வைத்ததே சென்னையில்தான். 1665இல் புனித ஜார்ஜ் கோட்டையில் அசென்ஷியா டாஸ் என்ற ஐரோப்பியப் பெண், தன் வீட்டு அடிமைப் பெண்ணைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். கோட்டைக்கு ஏஜெண்டாக இருந்த ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்டுக்கு உயிர்க்குற்றத்தை விசாரிக்க அதிகாரம் உண்டா என்பதே சந்தேகம். கிழக்கிந்தியக் கம்பெனி அவரை கவர்னராக உயர்த்தி அந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஆறு ஆங்கிலேயர், ஆறு போர்ச்சுகீசியர் என்று பன்னிரண்டு பேர் ஜூரியாக உட்கார்ந்தார்கள். அவர்கள் முதலில் கொண்டுவந்த முடிவு விசித்திரமானது. கொலைக் குற்றவாளிதான், ஆனால் குற்றப்பத்திரிகை சொல்லும் விதத்தில் அல்ல என்றார்கள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கோர்ட்டில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. சட்டம் படித்தவர் ஒருவர்கூடக் கோட்டையில் இல்லை. சுற்றி வளைக்காமல் ஒரே பதில் சொல்லுங்கள் என்று கேட்டதும் "குற்றவாளி அல்ல" என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் விடுதலையானார். முறைகளைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் திண்டாடியதாக ஃபாக்ஸ்கிராஃப்ட் கம்பெனிக்குக் குறைப்பட்டு எழுதினார். செத்துப்போன அடிமைப் பெண்ணின் இனத்தார் ஒருவர்கூட அந்தப் பன்னிரண்டு பேரில் இல்லை.

1678இல் கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் கோர்ட்டை ஒழுங்குபடுத்தினார். வாரம் இரண்டு நாள் கோட்டையில் கவர்னரும் கவுன்சிலும் நீதிபதிகளாக உட்கார, பன்னிரண்டு ஜூரிகள் கூட இருக்க வழக்குகள் நடந்தன. பிறகு மேயர் கோர்ட், 1801இல் சுப்ரீம் கோர்ட், 1862இல் ஹைகோர்ட் என்று பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. ஜூரிப் பெட்டி மட்டும் அப்படியே இருந்தது.

அந்தப் பெட்டியில் யார் உட்காரலாம் என்பதுதான் அடுத்த நூறு ஆண்டுச் சண்டை. 1826இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் கொண்டுவந்த சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களில் இந்தியர்களையும் ஜூரியாக அனுமதித்தது. கூடவே ஒரு முள்ளும் இருந்தது. கிறிஸ்தவர் மேல் வழக்கு என்றால் ஜூரிகள் எல்லோரும் கிறிஸ்தவர்களாகவே இருக்க வேண்டும். அதாவது ஓர் இந்து வியாபாரியின் உயிரைப் பற்றிக் கிறிஸ்தவர் முடிவு சொல்லலாம். திருப்பிச் சொல்ல முடியாது. ராம்மோகன் ராய் இதைக் கடுமையாக எதிர்த்தார். 1832இல் வந்த சட்டம் அந்தத் தடையை நீக்கியது.

தடை சட்டத்திலிருந்து போனது, மனதிலிருந்து போகவில்லை. ஐரோப்பியரை இந்திய மாஜிஸ்ட்ரேட்டுகள் விசாரிக்கலாம் என்று 1883இல் இல்பர்ட் மசோதா வந்தபோது வெள்ளைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் நடந்த சமரசம் ஜூரிப் பெட்டியில்தான் முடிந்தது. ஐரோப்பியக் கைதி கேட்டால், ஜூரிகளில் பாதிப் பேராவது ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்க வேண்டும் என்று 1884இல் சட்டமானது.

பெட்டிக்குள் இனக் கணக்கு எப்படி வேலை செய்தது என்பதைத் திலகரின் இரண்டு வழக்குகள் காட்டும். 1897இல் பம்பாய் ஹைகோர்ட்டில் ஆறு ஐரோப்பியர், மூன்று இந்தியர். ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். 1908இல் ஏழு ஐரோப்பியர், இரண்டு பார்சிகள். முடிவு ஏழுக்கு இரண்டு. வழக்கு 'கேசரி'யில் வந்த மராத்திக் கட்டுரைகளைப் பற்றியது. அந்த எழுத்தில் தேசத்துரோகம் இருக்கிறதா என்று சொல்ல வேண்டிய ஐரோப்பிய ஜூரிகள் மொழிபெயர்ப்பை நம்பித்தான் முடிவுக்கு வந்தார்கள். சாட்சியம் புரியாவிட்டாலும் மொழிபெயர்த்துச் சொன்னால் புரிந்தால் போதும் என்று சட்டமே இடம் கொடுத்திருந்தது. வக்கீல் வைக்காமல் திலகரே அந்த ஒன்பது பேரைப் பார்த்து 21 மணி நேரத்துக்கும் மேல் பல நாட்கள் பேசினார். இரவில் வந்தது முடிவு. ஆறாண்டு தண்டனை, மாண்டலே சிறை. அதே 1908 ஜூலையில்தான் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு நாடுகடத்தல் தண்டனை விதித்தார்.

உள்ளூர் ஜூரி நடுநிலையாக இருக்குமா என்ற பயமும் இருந்தது. 1919இல் தேனாம்பேட்டை நியூயிங்டன் மாளிகையில், மைனர் ஜமீன்தார்கள் படித்த பள்ளியின் தலைவர் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்டார். சிங்கம்பட்டி ஜமீன் வாரிசு மேல் வழக்கு வந்தது. சென்னை முழுக்க அதே பேச்சாக இருந்த நிலையில், விசாரணை பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போனது. அங்கே வாரிசு விடுதலையானார். வழக்குச் செலவில் ஜமீன் கடன்பட்டது என்றும், பின்னால் மாஞ்சோலைக் காடுகள் தேயிலைக் கம்பெனிக்குக் குத்தகையாகப் போனதற்கு அதுவும் காரணம் என்றும் திருநெல்வேலிப் பக்கம் இன்றும் சொல்வார்கள்.

ஹைகோர்ட்டை விட்டு ஜில்லாக்களுக்கு வந்தால் ஜூரியின் கௌரவம் பாதியாகிவிடும். 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த ஜில்லாவில், எந்தக் குற்றத்துக்கு ஜூரி என்பதைச் சர்க்கார்தான் முடிவு செய்யும். ஜூரி இல்லாத இடங்களில் 'அசெஸர்' என்று சிலரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அசெஸர்கள் நாள் முழுக்க உட்கார்ந்து கேட்பார்கள். ஒவ்வொருவரும் தன் அபிப்பிராயத்தைத் தனித்தனியாகச் சொல்வார். நீதிபதி அதைக் குறித்துக்கொண்டு தனக்குச் சரியென்று பட்டதைச் செய்வார். அவர்கள் சொன்னது அவரைக் கட்டுப்படுத்தாது. கல்யாண வீட்டில் சமையல் பற்றி விருந்தாளியிடம் அபிப்பிராயம் கேட்பது போன்ற மரியாதை அது. 1955இல்தான் அசெஸர் முறையைச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள்.

ஜில்லா ஜூரி சொன்னதும் கடைசிச் சொல் இல்லை. ஜூரி சொன்னது அப்பட்டமாகத் தவறு என்று செஷன்ஸ் நீதிபதிக்குப் பட்டால் வழக்கை ஹைகோர்ட்டுக்கு அனுப்பிவிடலாம். இது போதாதென்று 1892இல் வங்காள லெப்டினன்ட் கவர்னர் சார்லஸ் எலியட், கொலை முதலிய பெரிய குற்றங்களை ஜூரியிடமிருந்தே பிடுங்கி உத்தரவு போட்டார். ஜூரிகள் கையில் குற்றவாளிகள் தப்பிவிடுகிறார்கள் என்பது சர்க்காரின் குறை. வங்காளத்தில் எழுந்த எதிர்ப்பைத் தாங்க முடியாமல் மறு வருஷமே உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். வாக்குரிமை என்பதே எட்டாக்கனியாக இருந்த நாட்களில், சர்க்காரின் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்லச் சாதாரண மனிதனுக்கு இருந்த ஒரே நாற்காலி அது. அதைப் பறித்தபோது ஜனங்களுக்கு வலித்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் கதை வேறு விதமாகப் போனது. இலங்கையில் பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1811இல் ஜூரியைக் கொண்டுவந்தபோது உள்ளூர் மக்களை முதலிலிருந்தே பெட்டியில் உட்கார வைத்தார். பதின்மூன்று ஜூரிகள், குற்றம் சாட்டப்பட்டவரின் சாதியைச் சேர்ந்தவர்களாகவே இருப்பார்கள். சாதியை ஒழிக்கும் எண்ணம் அதில் இல்லை, சாதியோடு சமரசம் செய்துகொள்ளும் எண்ணமே இருந்தது. ஆனாலும் ஜூரிப் பட்டியலில் பெயர் இருப்பது பெருமையாகிவிட்டது. அந்தப் பெருமையை ஜோன்ஸ்டன் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தினார். சுதந்திர மனிதர்களுக்கு நீதி சொல்லும் உரிமை பெற்றவர்கள் வீட்டில் அடிமைகளை வைத்திருக்கலாமா என்ற கேள்வியை எழுப்பினார். அடிமைகள் வைத்திருந்த ஜூரிகள், 1816 ஆகஸ்ட் 12க்குப் பிறகு தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் சுதந்திரமானவர்கள் என்று உறுதி கொடுத்தார்கள்.

பிற்காலத்தில் இலங்கை ஜூரி ஏழு பேராகச் சுருங்கியது. ஐந்துக்கு இரண்டு என்றால் தீர்ப்பு செல்லும். ஆங்கிலம் பேசும் ஜூரி, சிங்களம் பேசும் ஜூரி, தமிழ் பேசும் ஜூரி என்று மூன்று பட்டியல்கள். எந்தப் பட்டியல் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு.

இலங்கைத் தமிழர் வீடுகளில் அதிகம் பேசப்பட்ட ஜூரி வழக்கு கிரிக்கெட் வீரர் மகாதேவா சதாசிவத்தினுடையது. 1951 அக்டோபரில் கொழும்பு வீட்டின் கராஜில் அவர் மனைவி இறந்து கிடந்தார். கணவர் மேல் கொலைக் குற்றம். வீட்டு வேலையாளாக இருந்த வில்லியம் மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியானான். இறந்த நேரம் எது என்பதில் வழக்கு நின்றது. சதாசிவம் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னா பின்னா என்று மருத்துவப் பேராசிரியர்களே முரண்பட்டார்கள். எடின்பரோவிலிருந்து சர் சிட்னி ஸ்மித் வந்து சாட்சி சொன்னார். கொல்வின் ஆர். டி சில்வா சதாசிவத்துக்காக வாதாடினார். 57 நாள் விசாரணை. மருத்துவம் படிக்காத ஏழு பேர், உலகப் புகழ்பெற்ற நிபுணர்களில் யாரை நம்புவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. 1953 ஜூனில் "குற்றவாளி அல்ல" என்றார்கள்.

அதே முறை இன்னொரு முகத்தையும் காட்டியிருக்கிறது. இலங்கையில் சில பெரிய குற்றங்களுக்கு இன்றும் ஜூரி கேட்கலாம். 1996இல் திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கு அனுராதபுரத்தில் நடந்தது. 2016 ஜூலையில் ஜூரி இராணுவத்தினர் ஆறு பேரையும் விடுவித்தது. யாழ்ப்பாண நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பரில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் சிங்களம் பேசும் ஜூரியைக் கேட்டார்கள். ரவிராஜ் குடும்பத்தின் தரப்பு எதிர்த்தும் பயனில்லை. 2016 டிசம்பர் 24 பின்னிரவில் அந்த ஏழு பேர் குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரையும் விடுவித்தார்கள். காரணம் எழுதாத தீர்ப்பு சதாசிவத்தின் வீட்டில் நிம்மதியைக் கொடுத்தது. ரவிராஜின் வீட்டில் கேள்வியை மட்டும் விட்டுச் சென்றது.

இந்தியாவில் ஜூரியைக் கொன்றது நானாவதி வழக்கு என்று பலரும் நம்புகிறார்கள். 1959 ஏப்ரல் 27இல் கடற்படைக் கமாண்டர் நானாவதி, தன் மனைவியின் காதலர் பிரேம் அகுஜாவை பம்பாயில் சுட்டார். 'பிளிட்ஸ்' வாரப் பத்திரிகை நானாவதியை வீர நாயகனாக்கியது. 25 காசுப் பத்திரிகை 2 ரூபாய்க்கு விற்றது. ஒன்பது ஜூரிகளில் எட்டுப் பேர் "குற்றவாளி அல்ல" என்றார்கள். செஷன்ஸ் நீதிபதி மேத்தா அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். ஹைகோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது. 1961இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. பழி எட்டு ஜூரிகள் மேல் விழுந்தது. அவர்களுக்கு நீதிபதி சட்டத்தை விளக்கியதிலேயே பிழைகள் இருந்தன என்று மேல் கோர்ட்டுகள் எடுத்துக்காட்டிய பகுதி மட்டும் கதை சொல்பவர்கள் வாயில் வருவதில்லை.

வருஷக் கணக்கைப் பார்த்தாலே அந்த நம்பிக்கை உடைந்துவிடும். எம்.சி. செதல்வாட் தலைமையிலான சட்டக் கமிஷன் ஜூரி முறையை எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்தது 1958இல். அகுஜா அப்போது உயிரோடு இருந்தார். நானாவதிக்குப் பிறகும் மேற்கு வங்கத்தில் ஜூரிகள் உட்கார்ந்தார்கள். 1973ஆம் ஆண்டின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அவர்களுக்கு இடமே வைக்கவில்லை. 1974 ஏப்ரல் முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. ஜூரியை ஒழித்தது ஒரு துப்பாக்கியோ ஒரு பத்திரிகையோ அல்ல. 1665 முதல் எந்த ஆட்சியும் அந்தப் பெட்டியில் இருந்தவர்களை முழுதாக நம்பியதில்லை என்பதுதான் காரணம். வெள்ளைக்காரன் இந்திய ஜூரியை நம்பவில்லை, இந்தியன் வெள்ளை ஜூரியை நம்பவில்லை, சுதந்திர இந்தியாவின் சட்ட வல்லுநர்கள் இருவரையுமே நம்பவில்லை. ஒரே ஒரு மிச்சம் உண்டு. பார்சிகளின் திருமண, விவாகரத்து வழக்குகளை விசாரிக்கும் மும்பை, கொல்கத்தா, சென்னைக் கோர்ட்டுகளில் அந்தச் சமூகத்துப் பிரதிநிதிகள் ஐந்து பேர் நீதிபதியோடு உட்கார 1936ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் இடம் தருகிறது.

சென்னையில் ஜூரியாக உட்கார்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் இருக்கிறார்கள். கோர்ட் ஏடுகளில் அவர்கள் சொன்ன ஒரு சொல்தான் இருக்கிறது. அந்த அறைக்குள் நடந்ததை வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தால் அது குடும்பத்தார் நினைவிலோ பழைய டைரியிலோதான் தங்கியிருக்கும். வீட்டுப் பரணில் தாத்தாவின் பழைய காகிதக் கட்டுக்குள் ஹைகோர்ட் முத்திரையோடு ஒரு ஜூரி சம்மன் கிடைத்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதைப் பற்றித் தாத்தா சொன்ன ஏதாவது நினைவிருந்தால் எழுதி வையுங்கள்.